ஸ்பெயினுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில்: ஒப்பந்தங்களில் நாட்டுக்கு நாடு மாறும் பகுதி

அக்காவின் மகளுக்கும் என் மகனுக்கும் வயது 15. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே செயலியைத் தங்கள் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜேர்மனியில், இவன் திருகோணமலை உவர்மலையில், நடுவில் வீடியோ அழைப்பு. இவன் நிபந்தனைகளைப் பார்க்காமலே ‘ஏற்கிறேன்’ என்பதை அமத்திவிட்டு உள்ளே போய்விட்டான். அவளைச் செயலி உள்ளே விடவில்லை. பெற்றோரின் சம்மதம் வேண்டுமாம்.

“எனக்கு மட்டும் ஏன், சித்தி, அம்மாவைக் கேக்குது?”

நல்ல கேள்வி. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பத்தாட்சியும் காணி உறுதியும் ஒப்பந்தமும்தான் என் அன்றாட வேலை. மகனின் போனை வாங்கி அந்த நிபந்தனைகளை அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஆறேழு நிமிடம் இழுத்த பிறகு, கிட்டத்தட்ட முடியும் இடத்தில், ‘நாடு சார்ந்த நிபந்தனைகள்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருந்தது. ஆங்கில அகரவரிசையில் அவுஸ்திரேலியா, பிரான்ஸ், ஜேர்மனி, தென்கொரியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து என்று போனது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு பத்தி. இலங்கை என்று ஒன்று இருந்தால் ஸ்பெயினுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் வரவேண்டும். அங்கே இருக்கவில்லை.

பெரும்பாலானோர் ஒருபோதும் எட்டிப் பார்க்காத அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சட்டம் படிக்காதவருக்கும் விளங்கவேண்டும் என்றே எழுதுகிறேன்.

உலகம் முழுக்க ஆட்களைச் சேர்க்கும் ஒரு நிறுவனம் நாட்டுக்கு ஒன்றாக இருநூறு ஒப்பந்தம் எழுதாது. ஒரே ஒரு பொது ஒப்பந்தம் எழுதும். அதில் தனக்கு வசதியானதை எல்லாம் போட்டுக்கொள்ளும்: வழக்கென்று வந்தால் எங்கள் ஊர் நீதிமன்றம், எங்கள் ஊர்ச் சட்டம், நட்டம் வந்தால் நாங்கள் பொறுப்பல்ல, காசு திரும்பக் கிடையாது. இது நிறுவனத்தின் விருப்பம். ஆனால் சில நாடுகளின் சட்டங்கள், ‘எங்கள் மக்களிடம் இதை நீ சொல்ல முடியாது’ என்கின்றன. அப்படிச் சொல்லும் நாடுகளுக்கென்று பொது ஒப்பந்தத்தின் அடியில் தனித்தனிப் பத்திகளை ஒட்டுகிறார்கள். அவற்றைத்தான் நாட்டுக்குரிய ஏற்பாடுகள் என்கிறோம். பொதுப் பகுதிக்கும் இதற்கும் முரண்பாடு வந்தால் இதுவே மேலோங்கும் என்று ஒரு வரியும் கூடவே இருக்கும்.

எங்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. திருகோணமலைக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் போனால் அங்குள்ள நொத்தாரிசு முதலில் கேட்பது, “பங்காளிகளுக்கு அறிவித்தாச்சா?” என்றுதான். இங்கே காணி வாங்கிப் பழகியவருக்கு அந்தக் கேள்வி வினோதமாக இருக்கும். வடமாகாணக் காணிக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வழியாக முன்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. விற்கப்போகிறவர் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் சொல்லவேண்டும். அதற்கென்றே 1947இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. நாட்டின் பொதுச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். அதன் மேல் ஒரு பிரதேசத்துக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. பொது ஒன்று, அதன் மேல் இடத்துக்கேற்ற ஒன்று. செயலி நிபந்தனையிலும் அமைப்பு இதேதான்.

அக்கா மகளின் கேள்விக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. தரவைப் பயன்படுத்த ஒரு பிள்ளை தானே சம்மதம் கொடுக்கும் வயது 16 என்று அது வைத்திருக்கிறது. ஆனால் ‘விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம்’ என்று உறுப்பு நாடுகளுக்கு இடம் விட்டிருக்கிறது. ஜேர்மனி 16இலேயே நின்றது. பிரான்ஸ் 15 என்றது, ஆஸ்திரியா 14 என்றது. ஆகவே அக்காவின் மகள் வியன்னாவில் இருந்திருந்தால் அவளைத் தடுத்திருக்கமாட்டார்கள். ஒரே ஒன்றியம், ஒரே ஒழுங்குவிதி, அதற்குள்ளும் நாட்டுக்கு நாடு மாறும் ஒரு எண். அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால் கோபம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

அக்கா வேறொன்று கேட்டாள். “நான் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தானே வச்சிருக்கிறன், எனக்கு எந்த நாட்டுப் பத்தி?” வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இந்தப் பத்திகள் பெரும்பாலும் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான் பார்க்கின்றன. ‘நீங்கள் ஜேர்மனியில் வசிப்பவரானால்’ என்றுதான் பத்தி தொடங்கும். இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே வாழும் அக்காவுக்கு ஜேர்மன் பத்தி பொருந்தும். நிலாவெளியில் இரண்டு கிழமை விடுமுறை கழிக்க வரும் ஜேர்மன்காரருக்கும் அவருடைய நாட்டுப் பத்தியே தொடரும். இங்கே வீடெடுத்து வருடக்கணக்கில் இருந்துவிட்டால் கதை வேறு.

சரி, அந்தப் பத்திகளுக்குள் என்னதான் இருக்கும்? நான் மொழிபெயர்த்தவற்றிலும் வாசித்தவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தவை சில. முதலாவது ஆளும் சட்டமும் நியாயாதிக்கமும், அதாவது எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த ஊர் நீதிமன்றத்தில் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில், நுகர்வோருடனான ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தைக் குறித்து எழுதினாலும், அவர் வாழும் நாட்டின் கட்டாயப் பாதுகாப்புகளை அது பறிக்க முடியாது. அதனால்தான் பொதுப் பகுதியில் ‘கலிபோர்னியாச் சட்டம்’ என்றிருக்கும், அடியில் ஐரோப்பியருக்கு ‘உங்கள் உள்நாட்டு உரிமைகளை இது பாதிக்காது’ என்றிருக்கும். அடுத்தது காசு திரும்பப் பெறுவது. ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கிய பொருளைப் பெரும்பாலும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அப்புறம் பொறுப்பு. நிறுவனம் வேண்டுமென்றோ பாரதூரமான கவனயீனத்தாலோ செய்த தீங்குக்கான பொறுப்பைப் பொது நிபந்தனைகளில் எழுதிக் கழற்றிவிட ஜேர்மன் சட்டம் விடாது. ஜேர்மனிக்கான பத்தி எப்போதும் நீளமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் பத்திகளை நிறுவனங்கள் ஏன் இவ்வளவு கவனமாக எழுதுகின்றன என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற தளத்தை நடத்துவது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று எழுதி, ஒப்பந்தத்தை ஆளுவது வாஷிங்டன் மாநிலச் சட்டம் என்றும் எழுதியிருந்தது. அவுஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. தனக்கு அங்கே வியாபாரமே இல்லை என்று நிறுவனம் வாதாடியது. 2016இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு விற்றால் எங்கள் நுகர்வோர் சட்டம் கூடவே வரும், குறைபாடுள்ள பொருளுக்குப் பரிகாரம் கேட்கும் உரிமையை எந்த வாசகத்தாலும் அழிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. மேன்முறையீடும் தோற்றது. அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் சட்டத்தரணியும் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு பத்தி ஒதுக்காமல் விடமாட்டார்.

அந்தப் பட்டியலை நான் பார்க்கும் விதமே இப்படித்தான். அதில் இருக்கும் ஒவ்வொரு நாட்டின் பெயருக்குப் பின்னாலும் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரு பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கும், ஓர் ஆணைக்குழு வழக்குப் போட்டிருக்கும். நிறுவனம் அன்பளிப்பாக எந்த நாட்டுக்கும் பத்தி கொடுப்பதில்லை.

கேட்டு வாங்கியதற்கு எங்கள் கடலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குக்கூட இது தெரியாதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கோணேசர் மலையில் நின்று கீழே பார்த்தால் நீரின் நிறம் சட்டென்று கறுத்துப்போவது தெரியும். எங்கள் கரைக்குக் கிட்டவே கடல் ஆழம். துறைமுகத்து வாயிலில் இருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. திமிங்கிலம் பார்க்கப் படகில் வெகுதூரம் போகத் தேவையில்லாததும் அதனால்தான். பாடசாலையில் படித்த கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, எங்கள் பக்கம் ஒடுக்கமானது. ஆனால் அதற்கு அப்பால், வங்காள விரிகுடாவின் அடியில், கங்கையும் பிரமபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மண் கிலோமீற்றர் கணக்கில் படிந்து அடையற்பாறையாகக் கிடக்கிறது.

1970களில் உலக நாடுகள் கூடிக் கடலுக்கு ஒரு பொதுச் சட்டம் எழுதத் தொடங்கின. அந்த மாநாட்டின் தலைவர் இலங்கையரான ஷெர்லி அமரசிங்க. 1980இல் அவர் இறக்கும்வரை அவரே தலைவர். 200 கடல் மைலுக்கு அப்பால் ஒரு நாடு எதுவரை கடலடியைத் தனதென்று சொல்லலாம் என்பதற்கு அங்கே பொது வாய்பாடு ஒன்று எழுதினார்கள். மேடை முடிந்து கடலடி சரிந்து இறங்கும் கண்டச்சாய்வின் அடியில் இருந்து 60 கடல் மைல் வரை போகலாம். அல்லது அடையற்பாறையின் தடிப்பு, அந்த அடியில் இருந்து உள்ள தூரத்தின் நூற்றில் ஒரு பங்காவது இருக்கும் இடம் வரை போகலாம். அதாவது 100 கிலோமீற்றர் தள்ளிப் போனால் அங்கே 1 கிலோமீற்றர் தடிப்பு, 300 தள்ளினால் 3. உலகில் பெரும்பாலான கரைகளுக்கு இது பொருந்தும். எங்களுக்கு மேடை ஒடுக்கம், சாய்வு கரைக்குக் கிட்டவே முடிகிறது, ஆனால் மண் மிகத் தொலைவு வரை தடிப்பாகக் கிடக்கிறது. பொது வாய்பாட்டைப் பிடித்தால் உரியதில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போகும்.

இலங்கை அதை எடுத்துச் சொன்னது. பலன், 1982இல் முடிந்த மாநாட்டின் இறுதி ஆவணத்துக்கு இரண்டாவது இணைப்பாக ஒரு விளக்கக்கூற்று. 200 மீற்றர் ஆழக்கோடு கரையில் இருந்து சராசரியாக 20 கடல் மைலுக்குள் வரும் நாடு, கண்ட விளிம்பின் அடையற்பாறையில் பெரும்பங்கு, சாய்வுக்கு அப்பால் மண் படிந்த கண்ட எழுச்சிக்குக் கீழே கிடக்கும் நாடு என்று நிபந்தனைகளை அடுக்கி, அப்படிப்பட்ட நாடு அடையற்பாறை 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடம் வரை எல்லை போட்டுக்கொள்ளலாம் என்கிறது. ‘வங்காள விரிகுடாவின் தென்பகுதி’ என்று கடலின் பெயரைச் சொல்கிறதே தவிர, இலங்கை என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் அங்க அடையாளம் முழுக்க எங்களுடையது. அதே நிலவியலைப் பகிரும் அயல்நாடும் பயன்படுத்தலாம் என்று இந்தியாவுக்கும் இடம் வைத்திருக்கிறது. அந்த இணைப்பை முன்வைத்துத்தான் 2009 மே 8 அன்று இலங்கை தன் கோரிக்கையை ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவிடம் கொடுத்தது.

தொடக்கநிலை வாசகருக்கு இதில் இரண்டு பாடம். நாட்டுக்குரிய ஏற்பாட்டில் நாட்டின் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ‘இன்னின்ன தன்மை உள்ள நாடு’, ‘இன்ன வருமானத்துக்குக் குறைந்த நாடு’ என்று விவரணையாகவும் வரலாம். அடுத்தது, அது ஒப்பந்தத்தின் உடலில் இருப்பதைவிட இணைப்பிலும் அட்டவணையிலும் கூடவே மாற்றிக்கொண்ட கடிதத்திலும் இருப்பதுதான் அதிகம்.

கடிதம் என்றதும் எங்கள் ஊர்க்காரருக்கு 1987 ஞாபகம் வரும். ஜூலை 29 அன்று இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஜே.ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கடிதங்களும் மாற்றிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை, எண்ணெய்க் குதங்களை இரு நாடும் கூட்டாகத் திருத்தி இயக்குவது என்பவை அந்தக் கடிதத்தில்தான் இருக்கின்றன. சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் 99 குதங்களைப் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை எழுதி 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கும், 24ஐ பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கும் என்று பிரித்தபோதும் பேச்சு அந்தப் பழைய வரிகளுக்குத்தான் திரும்பிப் போனது. ஒரு கடிதத்தின் ஒரு வரிக்கு அவ்வளவு ஆயுள். வர்த்தக ஒப்பந்தங்களிலும் இப்படித்தான். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் வரியில்லை என்பது பொது விதி. எந்தப் பொருளுக்கு வரி தொடரும் என்ற விலக்குப் பட்டியல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி.

தனிப்பத்தி எப்போதும் நல்லதா என்று கேட்டால், இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இலவச உரிமங்களைப் பார்த்திருப்பீர்கள், விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அவற்றின் கீழ்தான் வருகின்றன. மூன்றாம் பதிப்பு வரை அவற்றை ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் சட்டத்துக்கேற்ப வெவ்வேறாகத் திருத்தி எழுதி வைத்திருந்தார்கள். ஒரு நாட்டு உரிமத்தில் வந்த படத்தையும் இன்னொரு நாட்டு உரிமத்தில் வந்த பாட்டையும் சேர்த்து ஒன்று செய்தால் எதன்படி நடப்பது என்று குழப்பம் வந்தது. 2013 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பில் நாட்டுப் பதிப்புகளை விட்டுவிட்டு, எந்த நாட்டிலும் செல்லும்படி ஒரே வாசகத்தை எழுதி அதைப் பல மொழிகளில் பெயர்த்தார்கள். பகிர்வதற்கான உரிமத்துக்கு அது சரியான முடிவு. பலம் சமமில்லாத இருவருக்கு நடுவிலான ஒப்பந்தத்துக்கு, ஒரு பக்கம் பெரும் நிறுவனம் மறுபக்கம் பதினைந்து வயதுப் பிள்ளை என்றால், ஒரே வாசகம் போதாது என்பது என் எண்ணம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை, அது என் தொழில். மொழிபெயர்ப்புக்கும் மூலத்துக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே மேலோங்கும் என்று பெரும்பாலான நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கும். எங்கள் நாட்டுச் சட்டங்களின் கடைசிப் பிரிவிலும் அதன் உறவுக்கார வரி ஒன்று உண்டு: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஒவ்வொரு முறை அதைத் தட்டச்சு செய்யும்போதும் கை ஒரு கணம் நிற்கும். கனடாவின் கியூபெக் மாகாணம் இதிலும் கேட்டு வாங்கியிருக்கிறது. பேரம் பேச இடமில்லாத ஒப்பந்தங்களை முதலில் பிரெஞ்சில் காட்டியாகவேண்டும் என்ற விதி 2023 ஜூன் முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

அப்படியானால் பட்டியலில் பெயர் இல்லாத எங்களுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ‘சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவுக்கு’ என்று ஒரு சொற்றொடரைப் பொதுப் பகுதியில் அடிக்கடி பார்ப்பீர்கள். அது நிறுவனத்துக்கு மட்டும் அல்ல, எங்களுக்கும் வாசல். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இங்கே இருக்கிறது. கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தப்ப அது விடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதன் பகுதிகள் ஒரே நாளில் இல்லாமல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டன. இலங்கையில் இருப்போருக்குப் பொருளோ சேவையோ வழங்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் அது தன் எல்லைக்குள் எடுக்கிறது. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் உரிமை சொல்கிறது. நிறுவனம் அதைத் தன் பட்டியலில் எழுதாததால் சட்டம் இல்லாமல் போய்விடாது. ஆனால் எழுதவைக்க யாராவது கேட்கவேண்டும்.

அன்று பின்னேரம் அக்கா மகளுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டாள். நான் மகனைப் பக்கத்தில் இருத்தி, செயலியின் தனியுரிமைக் கொள்கையில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். “நாங்கள் இலங்கையில் வசிக்கிறோம். என் மகனைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தரவு எது, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை உங்கள் நாட்டுப் பட்டியலில் எப்போது சேர்ப்பீர்கள்?” தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் போட்டேன். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் தமிழ் உரையே மேலோங்கும் என்ற வரியை மகன்தான் கடைசியில் சேர்த்தான்.